கழுவாத கட்டை

செல்வகணேஷுக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சுத்தியல் விழும். ஒரு தடவை என் பெருவிரல் மேலும் விழுந்தது. இருந்தாலும் கோவில்பட்டியில் மரக் கலைஞர் யார் என்று கேட்டால் இன்றைக்கு அவனைத்தான் காட்டுவார்கள். தன் அப்பா நடத்திய தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகைக்கு வெள்ளையடித்து, வாசலில் 'கரிசல் ஆர்ட் ஸ்டுடியோ' என்று போர்டு மாட்டி, கசங்கின சட்டையைக் கடையிலேயே கசங்கலாக வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கலைஞர் ஆகிவிடலாம் போலிருக்கிறது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் போட்டு வருகிறவர்கள் அவன் சுவரில் மாட்டியிருக்கும் பலகைகளைத் தடவிப் பார்ப்பார்கள். சிலர் மோந்தும் பார்ப்பார்கள். "எவ்வளவு கதை இருக்கு இதுக்குள்ள!" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். கதையாவது கத்தரிக்காயாவது. உள்ளே இருப்பது மெழுகும் மருந்தும்தான். அது எனக்குத் தெரியும். என் பெயர் எபநேசர். அதே கொட்டகையில் முப்பத்திரண்டு வருஷம் தீக்குச்சிக்கு மருந்து முக்கினவன் நான். இப்போது அதே கொட்டகையில் பலகைக்கு வார்னிஷ் அடிக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது செல்வகணேஷைப் பற்றி அல்ல. அவனுக்கு இவ்வளவு சொன்னதே அதிகம். காளீஸ்வரியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போகிற வழியில் முப்பது வீடு உள்ள ஊர் அவளுக்கு. ஒன்பது வயசில் வேலைக்கு வந்தாள். விடியுமுன்னே ஆபீஸ் வண்டி ஊருக்குள் போய் ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வரும். வந்ததும் கட்டை அடுக்க வேண்டும். கட்டை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முழ நீளத்துக்கு மெல்லிய மரச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் நெருக்கமாகக் கோடு கோடாகப் பள்ளம். பள்ளத்துக்கு ஒரு குச்சி வீதம் படுக்க வைத்து, அதன்மேல் அடுத்த சட்டம், மறுபடியும் குச்சி, மறுபடியும் சட்டம். ஐம்பது சட்டம் ஏறியதும் இறுக்கித் தூக்கினால் அது ஒரு கட்டை. அதை அப்படியே கொதிக்கிற மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்குவது என் வேலை. சொட்டின மெழுகும் மருந்தும் வருஷக்கணக்காக அந்தச் சட்டங்களில் ஊறிக்கிடக்கும்.

காளி அடுக்குகிற வேகத்துக்குப் பெரிய பொம்பளைகளே ஈடு கொடுக்க முடியாது. கை பாட்டுக்கு அடுக்கும், வாய் பாட்டுக்கு ஏசும். சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் சின்னப் பிள்ளைகளைக் குச்சி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்துவோம். அவர் வந்து கலர் குடித்துவிட்டு, பெரிய பொம்பளைகளை மட்டும் எண்ணிவிட்டுப் போவார். கதவைத் திறந்தால் காளி, "வந்தவருக்குக் கண்ணு தெரியாதா, இல்ல மூக்கும் அடைப்பா? இம்புட்டு புள்ளைய வேர்த்து நாறிக்கிட்டு உள்ள கெடக்கோம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். கதவைச் சாத்தினவன் நான்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து சொல்லுமுன்னே.

அவளுக்குத் தங்கச்சி ஒருத்தி, ராதாமணி. அவளும் அதே வண்டியில் வந்து அதே வரிசையில் உட்கார்ந்தவள்தான். ஒரு தீபாவளிக்குப் பெரிய முதலாளி, அதான் செல்வகணேஷின் அப்பா, உடைந்துபோன பழைய சட்டங்களை விறகுக்கு இனாமாகக் கொடுக்கச் சொன்னார். தர்மப் பிரபு! தலைக்கு ஒரு சாக்கு. நிரப்பிக் கொடுத்தது நான். மருந்து ஊறின மரத்தை அடுப்பில் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முதலாளி சொன்னார், கொடுத்தேன். மறுநாள் முறுக்குச் சுட அடுப்பு மூட்டினபோது சட்டம் சீறிப் பொறி கக்கியது. ராதாமணியின் பாவாடை பற்றிக்கொண்டது. வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. அவளுக்கு அப்போது பதினோரு வயசு. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

அன்றிலிருந்து காளி ஒரு பழக்கம் பிடித்தாள். ஆபீஸிலிருந்து துண்டுச் சட்டம் ஒன்று வீட்டுக்கு வந்தாலும் சரி, கொதிநீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காய வைத்த பிறகுதான் உள்ளே எடுப்பாள். பார்த்துப் பார்த்துத் தெருவே அப்படிச் செய்ய ஆரம்பித்தது. செய்யாத வீட்டில் போய் நின்று அவள் ஏசுகிற ஏச்சைக் கேட்டால் சோடா வாங்குவது எவ்வளவோ மேல்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. புருஷன்காரன் திருப்பூருக்குப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். யாராவது துக்கம் விசாரித்தால், "அவன் படுத்துக் கெடந்த எடம் இப்பம் கூட்டுததுக்கு லேசா இருக்கு" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது. ராதாமணியைத் தன்னோடு கூட்டிவைத்துக்கொண்டாள்.

பெரிய முதலாளி செத்துப்போனார். மெஷின் வந்தது, கட்டை அடுக்கும் வேலை போனது, கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கட்டைகள் கிடந்தன. படித்துவிட்டு வந்த செல்வகணேஷ் மூன்று வருஷம் என்னென்னமோ தொழில் செய்து பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் செல்போனில் எவனோ வெள்ளைக்காரன் பழைய மரத்துண்டுகளை ஒட்டிச் சுவரில் மாட்டுகிற படத்தைப் பார்த்தான். மறுநாளே கலை பிறந்துவிட்டது. என்னையும் காளியையும் கூப்பிட்டு விட்டான்.

வேலையெல்லாம் காளிதான். சட்டங்களைக் கழுவுவாள், காய வைப்பாள், நிறம் பார்த்துப் பிரிப்பாள். மெழுகு குடித்துப் பழுப்பானது ஒரு பக்கம், வெயிலில் கிடந்து சாம்பல் பூத்தது ஒரு பக்கம், மருந்துக் கறை மங்கலாக நிற்பது ஒரு பக்கம். அப்புறம் ஒரு பெரிய பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். பென்சில் கோடு கிடையாது, அளவு கிடையாது. பள்ளம் இருக்கிற பக்கத்தை இங்கே குறுக்காகவும் அங்கே நெடுக்காகவும் திருப்பித் திருப்பி வைப்பாள். முதலில் செய்த பலகையைச் சுவரில் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. உழுதுபோட்ட கரிசல் காடு. காலை வெயில் சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் விழுந்து ஈரம் தெரிந்தது. சாயங்காலம் பார்த்தால் அதே நிலம் வெடித்துக் காய்ந்து கிடந்தது.

அதற்கு 'மண்ணின் மௌனம்' என்று செல்வகணேஷ் பெயர் வைத்தான். மூலையில் தன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றையும் பதித்தான்.

காளி தகட்டை ஒரு பார்வை பார்த்தாள். "மண்ணு எப்பம் பேசிச்சு, இப்பம் மவுனமா இருக்கதுக்கு?" என்றாள். பிறகு, "சரிதான்" என்று இழுத்தாள். அந்தச் 'சரிதான்' அவளிடம் வாங்கினவனுக்குத்தான் தெரியும். செருப்பால் அடித்தால்கூட இவ்வளவு உறைக்காது. செல்வகணேஷுக்கு உறைக்கவில்லை.

போன மார்கழியில் பெரிய வேலை ஒன்று வந்தது. ஊரில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்த உமாதேவி அம்மா, மணமேடைக்குப் பின்சுவர் முழுக்க ஒரு பலகை கேட்டார். பத்தடி உயரம், பதினாறு அடி அகலம். தை பிறந்ததும் திறப்பு விழா. செல்வகணேஷுக்குத் தரையில் கால் பாவவில்லை. உதிக்கிற சூரியன் செய்யப்போவதாகச் சொன்னான். செய்யப்போவது யார் என்பது வேறு விஷயம்.

சூரியனுக்குச் சிவப்பு வேண்டும். கழுவினால் மருந்தின் சிவப்பு மங்கிவிடுகிறது.

"இந்தத் தடவை கழுவ வேண்டாம்க்கா" என்றான். "அந்த ஒரிஜினல் செவப்பும் வாசமும் அப்படியே இருக்கணும். அதுலதான் உயிர் இருக்கு."

காளி நாரைக் கீழே போட்டாள். "செவப்பு வேணும்னா பெயிண்ட் வாங்கி அடிங்க, சின்ன முதலாளி. கழுவாத கட்டைய நான் தொடமாட்டேன்."

"எத்தனையோ வருஷத்துக்கு முந்தின மருந்து. அதெல்லாம் எப்பவோ செத்திருக்கும்."

"செத்தாலும் எரியத்தான செய்யும்? மேடையில ஆளுயர வெளக்கு நிக்கும். ஓமம் வளப்பாவ. சூடம் காட்டுவாவ. எதுத்தாப்புல ஐநூறு சனம் புள்ளையும் குட்டியுமா உக்காந்திருக்கும். வெளங்கித்தான் பேசுதீங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீங்கதான முப்பது வருஷம் மருந்து முக்குனவரு. நீங்க சொல்லுங்க. ஆபத்தா?"

காளியும் என்னைப் பார்த்தாள். என்னிடம் அவள் அதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"வார்னிஷ் ரெண்டு கோட்டு போட்டா ஒண்ணும் செய்யாது சார்" என்றேன்.

வயசு அறுபத்தாறு. ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி, மத்தியானம் ஒரு டீ, 'அண்ணாச்சி' என்று ஒரு கூப்பாடு. இதற்காகத்தான் சொன்னேன். பெரிய காரணம் இருக்கும் என்று யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

காளி முந்தானையை உதறினாள். "சரிதான்" என்றாள். இந்தத் தடவை அது எனக்கு. வாசலைத் தாண்டினவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போனா போகட்டும், இது என்ன ராக்கெட் விடுற வேலையா? யார் வேணும்னாலும் அடுக்கலாம்" என்றான் செல்வகணேஷ்.

அடுக்கினான். பார்க்கச் சகிக்கவில்லை. உதிக்கிற சூரியன், உடைத்து ஊற்றின முட்டை மாதிரி வந்து நின்றது. மேற்பரப்பை வழவழப்பாக்க அவன் தேய்க்கிற மெஷினை ஓட்டியபோது, சட்டத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொறி சீறி அடங்கியது. நான் ஈரச் சாக்கை எடுத்து அமுக்கினேன். அவன் காதில் பாட்டு மாட்டியிருந்தான், கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. மெழுகு ஊறின மரத்தில் வார்னிஷ் பிடிக்கவும் இல்லை. முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. மூன்று கோட்டு அடித்து ஒப்பேற்றினேன்.

திறப்பு விழா காலை ஒன்பது மணிக்கு. செல்வகணேஷுக்கு ஒரு யோசனை வந்திருந்தது: கட்டை அடுக்கிய பழைய பொம்பளைகள் முப்பது பேரைக் கூட்டி, எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேலை எடுத்துக் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டும். உயிருள்ள ஆளும் பலகையோடு சேர்ந்தால் கலைக்கு இன்னும் மவுசு. முப்பது பேரில் ராதாமணியும் ஒருத்தி. அவளை நடுவில் உட்கார்த்தி, வெந்துபோன கை தெரிகிற மாதிரி முந்தானையை ஒதுக்கச் சொன்னான். த்தூ! காளிக்கு அழைப்பு இல்லை.

மேடையில் பலகைக்கு இரண்டடி முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கு. உமாதேவி அம்மா ஐந்து திரியையும் ஏற்றினார். செல்வகணேஷ் மைக்கைப் பிடித்து உழைப்பு, வேர்வை, மண் என்று அளந்துகொண்டிருந்தான். விளக்கின் சுடர் ஃபேன் காற்றில் பலகைப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. நான் மேடை ஓரத்தில் நின்று அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எட்டு எடுத்து வைத்து விளக்கைத் தள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அப்போதுதான் காளி நடுப்பாதையில் வந்தாள். வீட்டுச் சேலை, கையில் ஒயர் கூடை. காவலுக்கு நின்றவர்கள் வேலைக்காரி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நேராக மேடையேறினாள். பலகையின் கீழ் வரிசையில் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த சட்டம் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அவன் ஒட்டின லட்சணம் அது.

"அக்கா, என்ன பண்ணுதீங்க?" என்று செல்வகணேஷ் மைக்கிலேயே கத்தினான்.

அவள் மேடையின் மறுகோடிக்குச் சட்டத்தைக் கொண்டுபோய், ஓரத்தில் இருந்த சூடத் தட்டின் சுடரில் முனையைக் காட்டினாள். சர்ரென்று சீறியது. சிவப்பாகப் பொறி கக்கிக்கொண்டு தீ பள்ளம் பள்ளமாகத் தாவி மேலே ஏறியது. மண்டபத்தில் பாதிப் பேர் அதை வாணவேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பொம்பளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பின்னால் ஓடினார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியும். ராதாமணி மட்டும் எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள், கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு.

காளி ஒயர் கூடையிலிருந்து ஈரத் துணியை எடுத்துத் தீயை அமுக்கினாள். பிறகு ஒவ்வொரு திரியாக விளக்கை அணைத்தாள். மங்கல விளக்கை அணைக்கிறாளே என்று யாரோ பதறினார்கள். அவள் கடைசித் திரியையும் அணைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இந்த மாதிரி ஆறாயிரம் சட்டம் இருக்கு இந்தச் செவுத்துல" என்று உமாதேவி அம்மாவிடம் சொன்னாள். "ஒண்ணுகூடக் கழுவலை."

உமாதேவி அம்மா செல்வகணேஷ் பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

"இது அவங்களே மருந்து தடவிக் கொண்டுவந்த கட்டைம்மா! வேலையை விட்டு நிறுத்தினதுக்குப் பழிவாங்குறாங்க" என்றான் செல்வகணேஷ். அத்தனை பேரும் பார்க்கப் பிடுங்கின சட்டத்தைப் பற்றிச் சொல்கிறான்! கொஞ்சமும் வாய் கூசவில்லை. "அண்ணாச்சியைக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும். அண்ணாச்சி, சொல்லுங்க!"

ஐநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்க்கணும் சார்" என்றேன். தீ எரிந்து கருகின வாடை மூக்கில் இருக்கிறது. பார்க்கணுமாம்!

ராதாமணி நின்ற இடத்திலிருந்தே பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"அவியகிட்ட என்னத்துக்குக் கேக்கிய? அன்னைக்கும் அவிய கையாலதான் அந்த வெறகுச் சாக்க நான் வாங்குனேன்."

பலகை அன்றைக்கே இறங்கியது. உமாதேவி அம்மா செல்வகணேஷை வெளியே போகச் சொல்லிவிட்டு, காளியை உட்கார வைத்து, அத்தனையையும் கழுவி அவளே அடுக்கித் தர வேண்டும் என்று கேட்டார். காளி தன் வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்வதாக இருந்தால் சரி என்றாள். பலகை மூலையில் அவன் பதித்திருந்த பித்தளைத் தகட்டை எடுத்து உமாதேவி அம்மாவின் கையில் கொடுத்தாள். "இத அவியகிட்ட குடுத்துருங்க. வேற எங்கயாவது ஒட்டிக்கிடட்டும்."

பத்தாம் நாள் செல்வகணேஷ் புது வீடியோ போட்டான். பழைய தீப்பெட்டிச் சட்டங்களைச் சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் வைக்க வேண்டும். பல வருட ஆராய்ச்சியில் தானே கண்டுபிடித்த முறை என்று. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துப் பாராட்டியிருந்தார்கள். காளியிடம் காட்டினேன். "தண்ணி சூடே ஆவலை, பாருங்க. ஆவியக் காணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆமாம், நான் இப்போது காளியின் முற்றத்தில் இருக்கிறேன். விழா முடிந்த வாரம், மன்னிப்புக் கேட்கிறேன் என்று போனேன். வாசலில் நின்று வாயைத் திறக்குமுன்னே அவள் தேங்காய் நாரைத் தூக்கி என் காலடியில் போட்டாள். "பேச்சு அப்புறம். அந்தா அண்டா இருக்கு" என்றாள். ராதாமணி ஒரு மணைப் பலகையை வெந்த கையால் என் பக்கம் நகர்த்தினாள். உட்கார்ந்தேன். அப்புறம் என்று சொன்ன பேச்சு இன்னும் வரவில்லை.

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தேய்க்கிறேன். ஒரு பள்ளத்தையும் விடுவதில்லை, நகக்கண்ணெல்லாம் சிவந்துபோகிறது. ஒரு கூடை நிரம்பியதும் வெயிலில் பரத்தக் கொடுப்பேன். காளி கூடையை வாங்கிக்கொண்டுபோய், இன்னொரு அண்டாவில் புதுத் தண்ணீர் ஊற்றி, நான் கழுவின ஒவ்வொரு சட்டத்தையும் மறுபடியும் கழுவுகிறாள்.